பிள்ளை கேட்ட சொல்

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்று ஓர் ஆசிரியை இருந்தார். மாவோரிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கிராமப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பாடப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளின் வாழ்க்கை. அது இந்தப் பிள்ளைகள் மனதில் ஒட்டவில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, என்ன சொல் வேண்டும் என்று கேட்டார். ஒன்று 'பேய்' என்றது. இன்னொன்று 'முத்தம்' என்றது. அதை அட்டையில் எழுதி அந்தப் பிள்ளையிடமே கொடுத்தார். மறுநாள் அட்டைகளையெல்லாம் தரையில் கொட்டுவார். அவரவர் சொல்லை அவரவர் தேடி எடுக்க வேண்டும். அடையாளம் தெரியாத அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். மனதில் பதியாத சொல் எதற்கு?

பிறகு பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதைகளை எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்தார்கள். அதுதான் பாடப் புத்தகம்!

ஆனால் அந்த வகுப்பும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பள்ளியில் மாவோரி பேசி அடிவாங்கிய தலைமுறைகள் உண்டு. 1982-இல் மாவோரி மக்களே தாய்மொழி மழலைப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1987-இல் மாவோரி மொழி ஆட்சிமொழியும் ஆனது.

உங்கள் பிள்ளை எழுத உட்கார்ந்தால், முதலில் தன் தெருவைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து தானாக வரும்.