ஏரிக்கரைக்கு விருந்தாளியாகப் போங்கள்!

(தலைப்பு: விடுமுறையை இனிமையாக்குவது காசு கொடுத்துப் பெறும் கேளிக்கையா? ஏரிக்கரையில் தங்கிக் காணும் இயற்கையா?)

நடுவர் அவர்களே! வீட்டிலே குடும்பத்தோடு அமர்ந்து பார்த்துக் கொண்டிருக்கிற பெருமக்களே!

எதிரணியிலே பேசிய தங்கச்சி கேட்டாங்க: "ஏரிக்கரையிலே என்னங்க இருக்கு? கொசுதான் இருக்கு!" (சிரிப்பு) அம்மா, கொசு உங்க வீட்டிலேயும் இருக்கு. நாரை இருக்கா? (கைதட்டல்)

காஞ்சிபுரத்துச் சீமையிலே புள்ளலூர்னு ஓர் ஊர். 'புள்' என்றால் பழந்தமிழில் பறவை. ஊர்ப்பெயர் அதனால்தான் வந்ததுன்னு நான் சாதிக்க வரலே. தமிழ் வாத்தியார் காதிலே சிறகடிக்கிற சத்தம் கேட்குது, அவ்வளவுதான்! ஆனால் சரித்திரத்திலே அங்கே கேட்டது வாள் சத்தமும் பீரங்கிச் சத்தமும். பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களம் அது. 1780 செப்டம்பரிலே ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்ததும் அங்கேதான்.

அங்கிருந்து உத்திரமேரூர் தாண்டி வாங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே குடவோலை போட்டு, ஏரியைப் பார்த்துக்க 'ஏரி வாரியம்'னு ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்த ஊர். இன்னும் கொஞ்சம் போனா வேடந்தாங்கல். வேடன் தங்கின இடம்! பேரு வேடனுக்கு, ஊரு பறவைக்கு! (கைதட்டல்)

1790-களிலே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியிலே நாரைகளைச் சுட்டாங்க. ஊர் ஜனங்க சும்மா இருந்தாங்களா? கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்டே முறையிட்டு, சுடக்கூடாதுன்னு எழுத்திலேயே வாங்கிட்டாங்க. பாசம் மட்டுமில்லே ஐயா, கணக்கும் இருக்கு. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி, வயலுக்குப் போனா உரம். காசில்லாத உரம்!

நவம்பர் வாக்கிலே போய்ப் பாருங்க. தண்ணிக்குள்ளே நிற்கிற நீர்க்கடம்பு மரம் பூரா நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன். வடக்கே வெகுதூரத்திலேயிருந்து ஊசிவால் வாத்தும் வரும். உச்சி வெயில்லே, நாரை தன் சிறகை விரிச்சுக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும். ஆண் நாரையும் முறை போட்டு அடைகாக்கும். ஆண் நாரையும்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்) தாய்மார்கள்தான் பலமா தட்டுறாங்க, நடுவர் அவர்களே!

இப்போ என் கட்சிக்கே ஒரு வார்த்தை சொல்லணும். ஏரிக்கரையிலே தங்கறதுன்னா கரைமேலேயே கூடாரம் அடிச்சு, அடுப்பு மூட்டி, ஸ்பீக்கரை அலற விடறதா? அங்கே ஏற்கெனவே முகாம் போட்டிருக்கிறது பறவைங்க. அது அவங்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி! பிரசவ வார்டு வாசல்லே மைக் செட் கட்டுவோமா?

அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லே. யோசிச்சுப் பாருங்க. நம்ம வீட்டுப் பிள்ளைகிட்டே ஒரு சரத்தை வாங்கி வைக்க முடியுமா? அங்கே ஒரு ஊரே, குருவிக்காகக் குழந்தைகளின் சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குது. 1998-லே ஏரியையும் சுத்தி அஞ்சு கிலோமீட்டரையும் சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சது. 2022-லே உலக அளவிலே ராம்சார் பட்டியல்லே சேர்ந்தது. சட்டம் பின்னாலேதான் வந்தது ஐயா. மனசு முன்னாலேயே வந்திருச்சு! (கைதட்டல்)

அதனாலே, கூடாரத்தைத் தள்ளிப் போடுங்க. விடியற்காலையிலே ஒரு தடவை, இரை தேடப் போனது கூடு திரும்புற சாயங்காலம் ஒரு தடவை, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கரைக்கு நடந்து போங்க. பேசாதீங்க. காட்டுங்க.

கேளிக்கைப் பூங்காவுக்குக் கொடுக்க வேண்டியது பணம். ஏரிக்கரைக்குக் கொடுக்க வேண்டியது மௌனம். பணம் கொடுத்து வாங்கின சந்தோஷம், வாசலைத் தாண்டினா தீர்ந்துபோகும். நாம விட்டுக்கொடுத்ததாலே ஒரு குஞ்சு சிறகு விரிச்சதுன்னா, அந்தச் சந்தோஷம் அடுத்த வருஷமும் அதே மரத்துக்கு வரும்.

ஆகவே, விடுமுறையை இனிமையாக்குவது ஏரிக்கரை இயற்கையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)