டயாலிசிஸ் மெஷினுக்குள்ளே இருக்கும் சல்லடை

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன தீபாவளிக்கு முன்னே மேல் டிவிஷன் அண்ணன் ஒருவர் டயாலிசிஸுக்குப் போவதை ஒரு கிழமை நிறுத்திவிட்டார். "இப்ப சொகமாத்தான் இருக்கேன், கூட வர்ற மகனுக்கு வீணா பேரு போகுது" என்றார். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். ஏழாம் நாள் இராத்திரி மூச்சு முட்டி, லொறியில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆள் பிழைத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று தாதிமாரிடம் கேட்டோம்.

லயத்தில் பேசிக்கொள்கிற மாதிரி வேறு ஆளுடைய இரத்தத்தை மாற்றி ஏற்றுவதில்லை. நம்முடைய இரத்தமேதான் வெளியே வந்து, சுத்தமாகித் திரும்பப் போகிறது. சுத்தம் பண்ணுவது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடின குழாய். அதற்குள்ளே மயிர்போல மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள் ஏறக்குறைய 10,000 இருக்கின்றன. பெரும்பாலும் பாலிசல்போன் என்ற பிளாஸ்டிக். குழலின் சுவர்தான் சவ்வு. கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. குழலுக்குள்ளே இரத்தம் ஓடும், வெளியே ஒரு கரைசல் தண்ணீர் எதிர்த் திசையில் ஓடும்.

டீ பேக்கை நினைத்துப் பாருங்கள். (நாம் பறிக்கிற கொழுந்துதான், நம்ம வீட்டுக்கு மட்டும் டஸ்ட்.) சாயம் வெளியே வரும், தூள் உள்ளேயே நிற்கும். சவ்வும் அப்படித்தான். யூரியா, பொட்டாசியம் சிறிசு, வெளியே போகும். சிவப்பு அணுவும் புரதமும் பெரிசு, தங்கிவிடும். சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது, அளவுதான் தெரியும். உடம்புக்கு வேண்டிய உப்பும் சிறிசுதானே? அதனால் வெளித் தண்ணீரிலும் அந்த உப்பை அளவோடு கலக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாயிருந்தால் அது வெளியே போகாது. கோப்பைத் தண்ணீர் கடுஞ்சாயமான பிறகு பேக்கிலிருந்து சாயம் இறங்காது பாருங்கள், அதற்காகத்தான் தண்ணீரையும் ஓட விட்டுப் புதிதாக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை நடைமுறைக்கு உதவும் மெஷினாக முதலில் செய்தவர் நெதர்லாந்து வைத்தியர் வில்லெம் கோல்ஃப். 1943, யுத்த காலம், ஒரு சாமானும் கிடைக்காது. சொசேஜ் அடைக்கிற செலோபேன் உறையை மர உருளையில் சுற்றி, அதற்குள் இரத்தத்தை ஓடவிட்டார். முதலில் வந்த நோயாளிகள் அநேகமாக எல்லோரும் இறந்துபோனார்கள். மனுசன் விடவில்லை. 1945இல் 67 வயது அம்மா ஒருவர் பிழைத்து எழுந்தார்.

இப்போது அந்த அண்ணன் கதைக்கு வருவோம். நல்ல சிறுநீரகம் இரவு பகலாக வேலை செய்கிறது. மெஷினோ தடவைக்கு 4 மணித்தியாலம். கிழமைக்கு மூன்று தடவை போனாலும் 168 மணித்தியாலத்தில் வெறும் 12. மற்ற நேரமெல்லாம் கழிவும் தண்ணீரும் உடம்பில் சேர்ந்துகொண்டேயிருக்கும். தண்ணீர் நெஞ்சில் கட்டினால் மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் வலி ஒன்றும் காட்டாமலே இருதயம் நின்றுவிடலாம். "சொகமா இருக்கேன்" என்று நின்றுவிடக் கூடாது என்பது இதனால்தான். காமரங்காய் இந்த நோயாளிகளுக்கு விஷம், பிள்ளைகள் பறித்து வந்து கொடுத்தாலும் தொடவே கூடாது.

அந்த அண்ணனுக்குச் செவ்வாய், வியாழன், சனி முறை. சனிக்கிழமை மகன் கூடப் போகிறான். மற்ற இரண்டு நாளைக்கும் துணைக்கு ஆள் வேண்டும். துரையிடம் பேர் விஷயம் நாங்கள் பேசுகிறோம். போக விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பிள்ளைக் காம்பராப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள்.