பள்ளி மைதானத்தின் உறுதி எங்கே?

(வலிகாமத்துக் கிராமமொன்றில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய பெற்றார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணியின் அருமையை யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறியவர்கள் நாம். அவ்வழக்குகளால் வாழ்ந்த தொழிலைச் சேர்ந்தோரும் இம்மேடையில் இருக்கிறோம்! ஆயினும், நம் பிள்ளைகள் ஓடியாடும் பாடசாலை மைதானம் யார் பெயரில் உள்ளதெனக் கேட்டால், பல ஊர்களில் விடை கூறுவாரில்லை.

நம் பாடசாலைகளிற் பல, மிசன் சபைகளும் சைவ ஸ்தாபனங்களும் ஊர்ப் பெரியோரும் நிறுவியவை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ்க் கொணர்ந்தன. வர்த்தமானியிற் பிரசுரமான அமைச்சரின் கட்டளை மூலமே அவற்றின் ஆதனங்கள் அரசுடைமையாயின. அக்கட்டளையில் அடங்காது விடுபட்ட துண்டு, பழைய சங்கத்தின் பெயரிலோ தருமஞ் செய்தவரின் பெயரிலோ இன்றும் கிடக்கலாம். வகுப்பறையை எவரும் மறவார். தெருவுக்கு அப்பாலுள்ள விளையாட்டு வெளியே மறக்கப்படும்.

இதில் என்ன கேடு? அரச காணிமீது பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது. தனியார் காணியிலோ பத்தாண்டு தடையற்ற, எதிரிடையான ஆட்சி, உரிமை கோருவதற்கு வழியாகிவிடும். போரினாற் காணியை அணுக முடியாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேராது விடுவதற்கு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்கிட அது தந்த அவகாசம் ஈராண்டே. ஆகையால், இனி விழிப்பைத் தவிர வேறு காவலில்லை.

வலிகாமம் வடக்கின் கதையை நாம் அறிவோம். 1990இல் மக்கள் வெளியேறினர். பாடசாலைகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி மீண்டது 2016இலேதான். கால் நூற்றாண்டு பற்றை மூடிய நிலத்தில் வேலியைத் தேடுவதெப்படி? எல்லைக்கல்லைத் தேடுவதெப்படி? நில அளவைப் படம் ஒன்றே அங்கு சாட்சி சொல்லும்.

“எமது பள்ளி சிறியது, இடமில்லை” என்பாருக்கு ஒரு கணக்குச் சொல்வோம். நானூறு மீற்றர் ஓடுபாதைக்கு ஏறக்குறைய 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் வேண்டும். நம் கணக்கில் அது 65 பரப்பு. எல்லாப் பள்ளிக்கும் கிட்டாது. ஆனால் வலைப்பந்தாட்டத் திடலுக்கு இரண்டு பரப்புப் போதும். கரப்பந்தாட்டத்துக்குச் சுற்றுவெளியோடு ஒன்றரைப் பரப்பு. வலைப்பந்தாட்டத்தில் ஆசியாவையே வென்ற இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் இந்த வலிகாமத்து மகள். 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியப் பொன்னைத் தந்த எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியின் மாணவர். ஆகவே இந்த மண்ணிற் பிள்ளைகளின் ஆற்றலுக்குக் குறைவில்லை. உள்ள இரண்டு பரப்பின் நடுவே மாடிக் கட்டடத்தை நாட்டி, அதற்குத் திறப்புவிழாவும் நடத்துகிறோமே, அங்கேதான் குறை.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் தாராளமாக உதவுகின்றனர், நன்றி. ஆனால் பார்வையாளர் மண்டபத்துக்குப் பணம் வருகிறது, பெயர்ப்பலகையும் வருகிறது. தண்ணீருக்கும் காவலாளிக்கும் வருவதில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முதல்வாரம் புல் வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டால் அது பராமரிப்பாகாது. மாரி ஓய்ந்து, ஈரம் முற்றாகக் காயுமுன் மேடுபள்ளம் நிரவி உருளை போடவேண்டும். இதனை எந்தப் பொறியியலாளரையும்விட நம் தோட்டக்காரர் நன்கறிவர். ஆண்டிற்கு இரண்டு நாள் உங்கள் உழவு இயந்திரத்தைத் தாருங்கள் என்றே கேட்கிறோம்.

பள்ளி விட்டபின் வாயிலைப் பூட்டி வைப்பதையும் நாம் ஏற்கவில்லை. திறந்து போட்டுவிட்டு, உடைந்தபின் ஒருவரையொருவர் நோவதையும் ஏற்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஊர் விளையாட்டுக் கழகமும் எழுத்தில் உடன்படிக்கை செய்யட்டும்: எந்த நாள், எந்த நேரம், திறப்பு யாரிடம், பழுதுக்கு யார் பொறுப்பு என்று. பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் இத்தனை மாலை என்பதும் அதில் இருக்கவேண்டும். இளைஞர் ஆடி முடித்தபின் மிஞ்சும் அரைமணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குவது நீதியன்று.

இவையெல்லாம் மாகாண சபையிற் கேள்வியாக எழவேண்டியவை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. அந்த உரிமைக்காக நாம் தொடர்ந்து போராடுவோம். ஆனால் எல்லைக்கல் நாட்டக் கொழும்பின் கண் திறக்குமட்டும் காத்திருக்க வேண்டுமா?

அடுத்த பெற்றார் கூட்டத்தில் மூன்று பத்திரங்களை மேசைமேல் வைக்கும்படி கேளுங்கள்: வர்த்தமானிக் கட்டளை, நில அளவைப் படம், பழைய உறுதி. இல்லாதது எதுவெனக் குறித்து எமக்கு அறிவியுங்கள். காணிக் கந்தோரிலும் நில அளவைத் திணைக்களத்திலும் தேடியெடுக்க எம் சட்டத்தரணி நண்பர்கள் கூலியின்றி உழைக்க ஒப்பியுள்ளனர்.