எண் பொறித்த கல்லில் பெயரும் வேண்டும்



நம் சங்க விழா மேடையில் இவன் போரைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நாம் குடியேறி வாழும் இந்த பிரிட்டனில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் தேவாலய வாசலிலோ ஊர் நடுவிலோ ஒரு நினைவுக்கல் நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்த அவ்வூர் மக்களின் பெயர்கள் அதில் இருக்கும். இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-இல் தடை வந்தது. மகனைப் புதைத்த மண் பிரான்சில் இருந்தது. பெற்றவள் போய் அழ உள்ளூரில் ஒரு சமாதி இல்லை. அதனால் ஊரார் காசு சேர்த்துக் கல் நட்டார்கள். பல ஊர்களில் பண்ணையார் மகனும் அவர் வீட்டுக் குதிரைக்காரரும் ஒரே பட்டியலில் அகரவரிசையில் நிற்கிறார்கள்.

பெயர் கிடைத்தால் வாழ்க்கையும் கிடைக்கும். இங்குள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஊர் வரலாற்று ஆர்வலர்களும் மக்கள்தொகைக் கணக்கேடு, ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிப் பதிவேடு எல்லாவற்றையும் புரட்டி, கல்லில் உள்ள ஒவ்வொருவரும் எந்த வீட்டில் பிறந்தார், என்ன வேலை பார்த்தார், எந்தக் களத்தில் விழுந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி வாங்கப் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 302 பேர் போருக்குப் போனார்கள், 41 பேர் உயிர்விட்டார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. ஒருவர் பெயர்கூட இல்லை. இதே வாசகத்தை எண்ணை மட்டும் மாற்றிப் பொறித்த கற்கள் இந்தியக் கிராமங்கள் பலவற்றிலும் உண்டு. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதோடு அந்தக் கற்கள் நின்றுவிடுகின்றன.

பெயரை விட்டது ஊர்க் கற்கள் மட்டுமல்ல. அதே போரில் இறந்தவர்களுக்காக இராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னம் 1929-இல் திறக்கப்பட்டது. அங்கே பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டும் படைப்பிரிவின் பெயரும் இறந்தவர் எண்ணிக்கையுமே பொறிக்கப்பட்டன. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் சமமாக நினைவுகூர்வோம் என்று உறுதி சொன்ன ஆணையம் செய்த வேலை இது. அந்தக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் தன் அறிக்கையில், 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நம் பக்கத்திலிருந்து போனவர்கள் யார்? அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து அந்தப் போருக்குச் சுமார் 92,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். அதில் பாதிக்கு மேல் ஆயுதம் ஏந்தியவர்கள். மற்றவர்கள் ஆயுதம் ஏந்தாமல் படைக்கு ஊழியம் செய்தவர்கள். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். வானம் பார்த்த பூமியில் நிலமில்லாத வீட்டுக்கு அது பெரிய பணம். தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று வெள்ளைத் தளபதிகள் முத்திரை குத்திய காலம் அது. அப்போதும் பாலம் கட்டவும் பாதை போடவும் மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அவற்றில் பறையர் சமூகத்தினரும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஏராளமாக இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களை இந்திய ராணுவத்தில் இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்ட படையில், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் 61-ஆம் பயனியர் படையும் இருந்தன. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்தவர்கள், கரையேறியதும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் தள்ளப்பட்டார்கள். குண்டுக்கு நடுவே தேனீக் கூட்டமும் கலைந்து வந்து கொட்டியது. திட்டம் போட்டவர்கள் செய்த பிழைக்கும் சேர்த்துப் பழியைச் சிப்பாய்கள் சுமந்தார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. 1933-இல் பயனியர் படையும் போனது. போரில் தப்பி ஊர் திரும்பியவருக்கும் அவர் பிள்ளைக்கும் அந்த வேலை இல்லாமல் போயிற்று.

இறந்தவருக்குக் கல் நடுவதை நாம் பிறரிடம் கற்கவில்லை. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவனோடு நின்று கள்ளர் இருவரைக் கடித்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரையும் மறக்காத மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் 41 மனிதர்கள் எண்ணாகிவிட்டார்கள்.

இதைத் திருத்த முடியும் என்பதற்குச் சான்று நமக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறது. இங்கே வாழும் பஞ்சாபியர்களின் மரபு அமைப்பு ஒன்று, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளை கிரீனிச் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கணினியில் ஏற்றியது. சுமார் 3,20,000 பஞ்சாப் வீரர்களைப் பற்றிய அந்தப் பதிவுகளை 2021-இல் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவரவர் கிராமத்தைத் தேடிப் பாட்டனாரைக் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு.

கல்லில் இல்லாவிட்டாலும், போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் நம்மவர் பெயர்களும் இருக்கின்றன. பலருடைய பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் ஜில்லாவும் உண்டு. ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கும் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும், 'இது எங்கள் தாலுகாவில் இருக்கிற ஊராயிற்றே' என்று சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேலூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு, ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டையைத் தெரியாமல் இருக்காது. அத்தகைய ஊர்களின் பெரியவர்களிடம் இன்னும் பழைய பதக்கங்களும் ஓய்வூதியக் காகிதங்களும் இருக்கக்கூடும்.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாவட்டவாரியாகச் சிறு குழுக்கள் அமையுங்கள். பிள்ளைகள் கணினியில் தேடட்டும், பெரியவர்கள் ஊரை அடையாளம் காட்டட்டும். பெயர் உறுதியானதும் அந்த ஊராட்சிக்கு எழுதுங்கள். கிராமசபைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லுங்கள். எண் மட்டும் உள்ள கல்லுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை ஒன்று வைக்கச் செலவை நாம் ஏற்போம். அந்தப் போரை நாம் கொண்டாட வேண்டியதில்லை. அதில் செத்தவன் இன்னார் மகன், இன்ன ஊரான் என்று சொன்னால் போதும். அடுத்த ஆண்டு விழாவில் இந்த மேடையிலிருந்து ஒரே ஒரு கிராமத்தின் பட்டியலையாவது வாசிப்போம்.