தபால்தலையில் பனிவண்டிகள்



கடிதம் வந்தால் ஆவலோடு பிரித்துப் படிக்கிறோம். உறையின் மூலையில் இருக்கும் தபால்தலையை யார் கவனிக்கிறோம்? பிள்ளைகள்தாம் அதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து நோட்டுப் புத்தகத்தில் சேர்க்கிறார்கள். அந்த நோட்டுப் புத்தகமும் ஒரு பள்ளிக்கூடந்தான். இன்று அதில் ஒரு பாடம் படிப்போம்.

பூமியின் தென்கோடியில் பனிக்கட்டியால் மூடப்பட்டுக் கிடப்பது அண்டார்டிக்கா. அங்கே ஊர்கள் இல்லை. ஆராய்ச்சி நிலையங்களே உண்டு. 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் பிரிட்டிஷ் அண்டார்டிக் பிரதேசம் என்ற பெயரில் 15 தபால்தலைகள் வெளிவந்தன. ஒருபுறம் அரசியாரின் சிறிய உருவம். மற்ற இடத்தில் பெரும்பாலும் உழைப்பின் காட்சிகள்!

ஒரு பென்னி தலையில் மனிதர்களே சறுக்குவண்டியை இழுக்கிறார்கள். ஒன்பது பென்னி தலையில் நாய்கள் இழுக்கின்றன. ஒன்றரை பென்னி தலையில் 'மஸ்கெக்' டிராக்டர். இரண்டரை பென்னியில் 'பீவர்' விமானம். ஒரு ஷில்லிங்கில் 'ஓட்டர்' விமானம். ஐந்து ஷில்லிங் தலையில் 'ஸ்னோகேட்' என்னும் பனிவண்டி. இந்த ரக வண்டிகளைக் கொண்டுதான் விவியன் பூக்ஸ் குழுவினர் 1957–58-இல் 99 நாட்களில் அண்டார்டிக்காவைக் கடந்தார்கள்.

மஸ்கெக் கனடாவில் சதுப்பு நிலத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி. அது பனியில் எப்படி ஓடுகிறது? சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் கால் புதைகிறது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்தால் புதைவதில்லை, பாரம் பரவிவிடுகிறது. மஸ்கெக்கின் அகலமான சங்கிலிப் பட்டைகள் அந்தப் பலகையின் வேலையைச் செய்கின்றன. பனியில் இறங்கும் விமானங்களுக்குச் சறுக்குக் கட்டைகள் பொருத்துவதும் இதற்காகத்தான்.

ஆனால், இயந்திரம் வந்ததால் ஆபத்து போய்விட்டதா? இல்லை. பனிப்பரப்பில் ஆழமான பிளவுகள் உண்டு. மேலே மெல்லிய பனி மூடியிருப்பதால் அவை கண்ணுக்குத் தெரியா. 1965 அக்டோபரில் ஒரு மஸ்கெக் டிராக்டர் அப்படிப்பட்ட பிளவில் விழுந்தது. அதில் இருந்த மூவர் மாண்டனர். பின்னால் சறுக்குவண்டியில் வந்த ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். தபால்தலையில் நாம் காணும் சிறிய வண்டிக்குப் பின்னால் இப்படிப்பட்ட உயிர்களும் இருக்கின்றன.

நாய்களின் கதை வேறு. அவற்றால் சீல்களுக்கு நோய் பரவலாம் என்று அஞ்சி, 1991-இல் நாடுகள் செய்த உடன்பாட்டின்படி, 1994-இல் கடைசி நாய்களையும் அண்டார்டிக்காவிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். பல ஆண்டுகள் பாரம் இழுத்த அந்தப் பிராணிகள் இன்று அங்கே இல்லை. ஒன்பது பென்னி தபால்தலையில் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பழைய தபால்தலையைக் கொண்டுவந்து காட்டினால், 'இது எதற்கு?' என்று தள்ளிவிடாதீர்கள். 'இதில் யார் உழைக்கிறார்கள்?' என்று கேளுங்கள். இருவருமாகச் சேர்ந்து விடை தேடுங்கள்.