முன்னே எது, பின்னே எது?



போன கூட்டத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி நம்மிடம் கேட்டார்: "வீட்டுக்காரிக்கு மார்பிலே புற்றுநோய். ஆபரேஷன் ஆகி ரெண்டு ஊசி போட்டாச்சு. நடவு வந்துட்டுது. மிச்ச ஊசியை அறுப்பு முடிஞ்சு போட்டுக்கிட்டா ஆகாதா? மருந்து அதேதானே?"

நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ் சார்ஜ் வேறு. ஆனாலும் ஆகாது என்றே சொன்னோம். ஏன்?

மில் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பஞ்சு ப்ளோரூமிலிருந்து கார்டிங் போய், அப்புறம்தான் ஸ்பின்னிங் வருகிறது. மாற்றிப் போட்டால் நூல் வருமா?

புற்றுநோய்க் கட்டியில் எல்லா அணுக்களும் ஒன்றுபோல் இல்லை. ஒரு மருந்துக்குச் சாகாதது இன்னொன்றுக்குச் சாகும். அதனால்தான் பல மருந்துகள். அவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பதே மேல் என்று 1982ல் கனடாவில் கோல்டி, கோல்ட்மன் குழுவினர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நோயாளியிடம் பலிக்க வேண்டாமா?

இத்தாலியில், மிலான் நகரில், டாக்டர் பொனடோனா குழுவினர் அதைப் பரீட்சித்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் அக்குள் நெறிகள் நான்கிலோ அதற்கு மேலோ நோய் பரவியிருந்த 403 பெண்கள். ஒரு பிரிவுக்கு டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து தொடர்ந்து 4 தவணை. அது முடிந்த பிறகே மூன்று மருந்துக் கலவை 8 தவணை. மற்றப் பிரிவுக்குக் கலவை இரண்டு, சிவப்பு ஒன்று என்று மாறி மாறி. அதே மருந்து, அதே 12 தவணை! ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை, தோழர்களே; மாறியது வரிசை மட்டுமே.

பத்து வருஷக் கணக்கு 1995ல் வெளியாயிற்று. மாறி மாறிப் பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேர் உயிரோடிருந்தார்கள். வரிசையாகப் பெற்றவர்களில் 58 பேர். சிவப்பு மருந்து அடுத்தடுத்து விழும்போது, தப்பிய அணுக்கள் மறுபடி பெருக அவகாசம் குறைகிறது என்று விளக்குகிறார்கள்.

ஒரே நாளில் ஏறும் மருந்துகளிலும் வரிசை உண்டு. பாக்லிடாக்ஸெல், சிஸ்பிளாட்டின் இரண்டும் கொடுப்பதானால் பாக்லிடாக்ஸெல்தான் முதலில். சிஸ்பிளாட்டின் முந்தினால் மற்றது உடம்பை விட்டு வெளியேறுவது தாமதப்பட்டு, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதிகம் குறைந்துவிடும். எல்லா மருந்துக்கும் இப்படி என்பதில்லை. சிலவற்றுக்கு எது முந்தினாலும் ஒன்றுதான். அதை நாம் நிர்ணயிக்க முடியாது.

அந்தத் தோழருக்கு இதைத்தான் சொன்னோம். மூன்றாவது ஊசிக்கு மனைவியோடு மைத்துனி போகிறாள். இவர் நடவுக்குப் போகிறார். தேதி எழுதிய சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரு தவணை தவறியிருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட்டால், அடுத்து எதை, எப்போது என்று அவர் கணக்குப் பார்த்துக்கொள்வார்.