பிள்ளைகளின் கழகத்தில் பெரியவர்களுக்கு என்ன வேலை?

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு அலுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

இளைஞர் கழகம் தொடங்குகிற அன்றைக்கு எல்லோரும் வருகிறோம். மாலை, குத்துவிளக்கு, போட்டோ. ஆறு மாதம் போனால் கழகத்துக் கொப்பி யாரோ ஒரு பெரியவருடைய காம்பராவில் கிடக்கிறது. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மட்டும் மிச்சம்.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப் வெளியிட்ட நூலில் ஓர் ஏணியைக் காட்டினார். எட்டுப் படி. கீழ் மூன்று படியிலும் பிள்ளைகள் வெறும் பொம்மை. நாம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்கள், மேடைக்கு அலங்காரமாக நிற்பார்கள், பேருக்கு ஒரு நாற்காலியில் இருப்பார்கள். உச்சிப் படியில் பெரியவர்களே இல்லை என்றுதான் நினைப்போம். அப்படியில்லை. பிள்ளைகள் தொடங்கிய காரியத்தில் பெரியவர்களும் சேர்ந்து முடிவெடுப்பதுதான் எட்டாவது படி.

நமக்கு இது புதுசுமில்லை. மாசியில் காமன் கூத்துக்கு மாஸ்டர் என்ன செய்கிறார்? பாட்டும் ஆட்டமும் பழக்குகிறார், பக்கத்தில் நின்று அடி எடுத்துக் கொடுக்கிறார். பையன் ஒரு அடி பிசகினான் என்று மதன் வேஷத்தைப் பிடுங்கித் தானே கட்டிக்கொள்வாரா?

கழகத்திலும் அப்படி நிற்கத்தான் கேட்கிறோம். கணக்குக் கொப்பியைப் பிள்ளைகளே எழுதட்டும். நூறு ரூபாய் இடித்தால் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொண்டுபோனால் தலைவர் கூடப் போகலாம், பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். ஆனால் சாராயம், அடிபிடி, பொம்பளைப் புள்ளைகளிடம் சேட்டை என்று வந்தால், "அவங்களே பாத்துக்குவாங்க" என்று நாம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்க முடியாது.

பொம்பளைப் புள்ளைகளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். கூட்டத்தை அந்தி ஆறு மணிக்கு வைக்கிறார்கள். அந்த நேரம் தண்ணி எடுக்கிறது, அடுப்பு மூட்டுறது, தம்பி தங்கச்சியைப் பார்க்கிறது யாரு? "அவளுக்கு விருப்பமில்லீங்க" என்கிறார் தகப்பன். அவளைக் கேட்டால் அடுப்பைக் காட்டுகிறாள். இப்படியிருக்க, அவளைக் கழகத்துக் காரியதரிசியாகப் போட்டு என்ன பிரயோசனம்?

நேரத்தை மாற்றச் சொல்லிப் பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். இனிமேல் ஞாயிறு பின்னேரம் மூன்று மணி, பிள்ளை மடுவத்தில். இருட்டுமுன் முடிந்துவிடும். லயத்துக்கு ஒரு தாய் கூட வந்தால் நல்லது. அன்றைக்கு ரொட்டி சுடுவது அண்ணனோ அப்பாவோ.